சின்னப் பிள்ளைகளோடு காரில் தஞ்சாவூர்: சென்னையிலிருந்து ஒரு சனி, ஞாயிறு

தஞ்சாவூர் என்றதும் பெரியவர்கள் போடும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். பெரிய கோயில், அரண்மனை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், சுவாமிமலை, திருவையாறு, கல்லணை, அப்படியே கும்பகோணத்தில் நாலு கோயில். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் மூன்று வயதும் ஏழு வயதுமாக இரண்டு பிள்ளைகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு நாளில் இத்தனையையும் பார்க்கப் போனால், பிள்ளைகள் மனதில் தங்குவது கொதிக்கிற கல்லும் 'சீக்கிரம் வா' என்ற அதட்டலும் மட்டும்தான்.

எனவே இந்தத் திட்டத்தில் பெரிய கோயிலுக்கு இரண்டு முறை போகிறோம்: சனிக்கிழமை சாயங்காலம் ஒரு முறை, ஞாயிறு விடிகாலையில் ஒரு முறை. போகும் வழியில் ஒரே ஒரு இடம். ஞாயிறு முற்பகலில் அரண்மனை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிள்ளைகள் வளர்ந்த பிறகு. நாலு கோயிலை ஒவ்வொரு தடவை பார்ப்பதைவிட ஒரே கோயிலை இரண்டு தடவை பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தெரிந்த இடத்துக்குத் திரும்பப் போகும்போதுதான் அவர்கள் நம்மை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

எந்த வாரம் போவது

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மிக நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஏப்ரல், மே வேண்டாம். பள்ளி விடுமுறை என்பதற்காகப் பலரும் அப்போதுதான் கிளம்புகிறார்கள். கருங்கல் தரையில் செருப்பில்லாமல் நடக்கிற ஊர் இது என்பதை மறந்துவிடக் கூடாது. அக்டோபர், நவம்பரில் டெல்டாவில் அடைமழை பிடித்தால் இரண்டு நாளும் அறைக்குள்தான்.

மாதத்தை முடிவு செய்த பிறகு, நாள்காட்டியில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது பிரதோஷம். அன்று மாலை பெரிய நந்திக்கு அபிஷேகம் நடக்கும், கூட்டம் அலைமோதும். அந்தக் காட்சி அருமையானதுதான். ஆனால் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது சரிப்படாது. சனிப் பிரதோஷம் என்றால் கூட்டம் இன்னும் கூடும். இரண்டாவது முகூர்த்த நாள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் முகூர்த்த நாளில் நல்ல அறைகளைக் கல்யாண வீட்டார் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். ஐப்பசி சதயத்தன்று ராஜராஜனுக்குச் சதய விழா. ஊரே விளக்கும் மேளமுமாக இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

ஒரு வயதுகூட ஆகாத கைக்குழந்தை இருந்தால் கார் பயணத்தையே கொஞ்சம் யோசியுங்கள். சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் சுமார் 340 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து இரவில் உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. படுத்துத் தூங்கிப் போய், அங்கே ஒரு டாக்ஸி பிடித்துக்கொள்வது தாய்க்கும் குழந்தைக்கும் சுகம்.

காரைத் தயார் செய்தல்

வியாழக்கிழமையே நாலு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள். வைப்பர் தண்ணீர், ஏசி, ஃபாஸ்டேக்கில் பணம் எல்லாவற்றையும் சரிபாருங்கள். போகும் வழியில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும். பணம் போதாமல் நடுவில் நின்றால் பின்னால் இருக்கிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்தில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும்.

அடுத்தது குழந்தை சீட். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். மடியில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி திடீரென்று நின்றால், எப்பேர்ப்பட்ட கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. முன் சீட்டில் மடியில் இருந்தாலோ, விரிகிற ஏர்பேக்கே குழந்தைக்கு எமன். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும் குழந்தைக்காகப் பூட்டுங்கள். வாடகைக் காரில் போனாலும் உங்கள் சீட்டைக் கூடவே எடுத்துப் போங்கள். புது சீட் என்றால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்கும் பாட்டி வீட்டுக்கும் போகும்போது அதில் உட்காரப் பழக்குங்கள். பயண நாளன்று முதன்முதலாகக் கட்டிப்போட்டால் செங்கல்பட்டு வரைக்கும் அழுகைதான்.

கார் கதவின் குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின் ஜன்னல்களுக்கு நிழல்வலை மாட்டுங்கள். காலையில் தெற்கே போகும்போது இடது பக்கம் உட்காருகிற பிள்ளையின் முகத்தில் வெயில் நேராக அடிக்கும்.

எதை எங்கே வைப்பது

மூட்டையை மூன்றாகப் பிரித்தால் போதும். டிக்கியில் இருப்பது அறைக்குப் போன பிறகுதான் திறக்கும் பை. முன் சீட்டுக்குக் கீழே இருப்பது வழியில் வேண்டிய பை. மூன்றாவது கோயிலுக்கு எடுத்துப் போகும் சின்னத் தோள்பை.

வழிப் பையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செட் மாற்றுத் துணி, இரண்டு துண்டு, ஈரத் துடைப்பான், டயப்பர், வாந்தி எடுக்க முடிச்சுப் போடக்கூடிய பைகள், தண்ணீர், பிஸ்கட், வாழைப்பழம், ஓஆர்எஸ் பாக்கெட். குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தையும் அளவு மூடியோடு வையுங்கள். மலைப்பாதை இல்லையென்றாலும் சில பிள்ளைகளுக்குக் காரில் குமட்டும். அதற்கான மருந்தை முன்கூட்டியே குழந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் போடுகிற மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவே கூடாது. வண்டி ஓடும்போது செல்போனில் படம் பார்க்க விடாமல் இருந்தாலே குமட்டல் பாதி குறையும்.

கோயில் பையில் மிக முக்கியமானது பருத்திக் காலுறை. பிள்ளைக்கு இரண்டு ஜோடி, உங்களுக்கும் ஒன்று. செருப்பைத்தான் வெளியே விட வேண்டும். காலுறை போட்டு நடக்கலாம். மெல்லிய நைலான் வேண்டாம், கொஞ்சம் தடித்த பருத்தியாக இருக்கட்டும். கூடவே தொப்பி, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, கலர் பென்சில். தள்ளுவண்டியைக் காரிலேயே விட்டுவிடுங்கள்; வாசல் நிலைகளில் படியும் மேடுமாக இருக்கும். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை இருந்தால் அதுதான் வசதி.

சனிக்கிழமை காலை

ஐந்து மணிக்குக் கிளம்பலாம். மூன்று மணிக்கே கிளம்பினால் சாலை காலியாக இருக்கும் என்று சொல்வார்கள். ஆனால் மூன்றிலிருந்து ஐந்து வரைதான் ஓட்டுகிறவருக்குக் கண் சொருகும் நேரம். ஓட்டுகிறவர் வெள்ளி இரவு ஒன்பதரைக்கே படுத்துவிட வேண்டும். மூட்டை கட்டுவது அவர் வேலை இல்லை. பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்ட வேண்டாம். தூங்குகிற துணியோடே தூக்கி சீட்டில் வைத்து பெல்ட்டைப் பூட்டுங்கள். ஏழு மணி வரை தூங்குவார்கள்.

ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி விக்கிரவாண்டி வரைக்கும் ஒரே நேர்வழி. விக்கிரவாண்டியில் திருச்சி சாலையை விட்டு இடது பக்கம் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகப் போகிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்துங்கள். குழந்தை தூங்கினாலும் ஓட்டுகிறவர் இறங்கி நடக்க வேண்டும். திண்டிவனம், விக்கிரவாண்டிப் பக்கம் காலை டிபன். இட்லியும் சர்க்கரையும் போதும். எண்ணெய் மிதக்கும் பூரியும் பெரிய டம்ளர் பாலும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தால் பண்ருட்டிக்குள் வாந்தி வந்துவிடும். கழிப்பறைக்குப் பெரிய ஹோட்டலோ, புதிதாகக் கட்டிய பெட்ரோல் பங்கோ பாருங்கள். பிள்ளை 'வேண்டாம்' என்று சொன்னாலும் ஒரு முறை கூட்டிப் போய் உட்கார வையுங்கள்.

பண்ருட்டியில் பலாப்பழக் காலம் என்றால் சாலையோரம் குவித்து வைத்திருப்பார்கள். நிறுத்திக் காட்டுங்கள், ஆனால் போகும்போது வாங்க வேண்டாம். மூடிய காரில் அந்த மணம் சில பிள்ளைகளுக்கு ஆகாது. சேத்தியாத்தோப்பு வந்ததும் சென்னைப் பிள்ளைகளிடம் வீராணத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. 2004 முதல் அந்தத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. நம் ஊர்க் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு சோழர் ஏரியிலிருந்து வருவது என்று சொன்னால், ஏழு வயதுப் பிள்ளை அதற்கப்புறம் கேட்கிற கேள்விகளிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

வழியில் ஒரே ஒரு இடம்

கங்கைகொண்ட சோழபுரமா, தாராசுரமா? இரண்டும் இதே வழியில்தான் வருகின்றன, இரண்டும் 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் வயதை வைத்து நான் சொல்வது இது.

ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் கங்கைகொண்ட சோழபுரம். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில், சாலையை ஒட்டியே இருக்கிறது. நிறுத்தினால் இறங்கி நடக்கிற தூரம்தான். கோயிலைச் சுற்றி விரிந்த புல்வெளி. அஞ்சு மணி நேரம் பெல்ட்டில் கட்டுண்டிருந்த பிள்ளைக்கு அந்த வெட்டவெளிதான் தேவை. ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயில். தஞ்சைக் கோயிலைப் போல நிமிர்ந்து நிற்காமல், விமானம் மெல்ல வளைந்து மேலே போகும். சாயங்காலம் தஞ்சையில் பார்க்கும்போது 'ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?' என்று கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடுவார்கள். இங்கே இருக்கிற பெரிய நந்தி ஒரே கல் இல்லை. செங்கல்லும் சுதையும் வைத்துக் கட்டியது. சிங்க வடிவில் வாசல் வைத்த கிணறு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கிணற்றுப் பக்கம் கையை விடாதீர்கள்.

ஆறு வயதுக்கு மேல் என்றால் தாராசுரம். கும்பகோணத்திலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர். புறவழிச்சாலையிலேயே போய்விட்டால் தவறிவிடும், ஊர்ச் சாலையில் இறங்க வேண்டும். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில். அளவில் சின்னது, வேலைப்பாட்டில் மிகப் பெரியது. முன் மண்டபத்தையே தேராகச் செதுக்கி, சக்கரமும் இழுக்கும் குதிரையும் வைத்திருக்கிறார்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்ட சிற்பம் இங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தை மூடினால் யானை, மறுபக்கத்தை மூடினால் காளை. அதைக் கண்டுபிடிக்கிற வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.

எதுவானாலும் பதினோரு மணிக்கு மேல் நிற்க வேண்டாம். கல் சூடாகிவிடும், பன்னிரண்டு வாக்கில் நடையும் சாத்திவிடுவார்கள். மீன்சுருட்டி தாண்டியதும் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரை வரும். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இங்கேதான் இருக்கிறது. வண்டி மெதுவாகப் போகும்போது பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாகவே காட்டிவிடலாம்.

கும்பகோணத்தில் மதியச் சாப்பாடு. பிள்ளைகளுக்கு ரசம் சாதமும் தயிர் சாதமும் போதும். இந்தப் பக்கத்துக்கே உரிய கடப்பா என்ற குழம்பு சில ஹோட்டல்களில் டிபனோடு கிடைக்கும். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் சேர்த்தது, அதிகக் காரமில்லாதது. ஞாயிறு காலை எங்காவது கண்ணில் பட்டால் இட்லியோடு ஊட்டிப் பாருங்கள். சாப்பிட்டதும் கிளம்பினால் தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் தூங்க வேண்டும். ஆகவே நடுவில் சுவாமிமலை பெயர்ப்பலகை வந்தாலும் திரும்பாதீர்கள். மூன்று நாள் விடுமுறை கிடைக்கும்போது அங்கே மெழுகில் உருவம் பிடித்து வெண்கலம் வார்ப்பதை நிதானமாகப் பார்க்கலாம், அறுபது படியையும் பிள்ளைகளோடு எண்ணிக்கொண்டே ஏறலாம்.

அறை

பழைய பேருந்து நிலையம், ரயிலடி, காந்திஜி சாலை சுற்று வட்டாரத்தில் அறை எடுத்தால் கோயில் பக்கம். ஊருக்கு வெளியே நீச்சல் குளத்தோடு இருக்கிற விடுதிகளும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஞாயிறு காலை ஆறரைக்குக் கோயில் வாசலில் நிற்க வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பதே நல்லது. பதிவு செய்யும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: கார் நிறுத்த உள்ளேயே இடம் உண்டா, லிஃப்ட் உண்டா, பால் சுடவைத்துத் தருவார்களா. போனதும் பால்கனிக் கம்பி இடைவெளியையும் ஜன்னல் தாழ்ப்பாளையும் பாருங்கள். நாலரை மணி வரை யாரும் வெளியே போக வேண்டாம்.

பெரிய கோயில், முதல் தடவை

ஐந்து மணிக்குப் போங்கள். நாலு மணிக்கே நடை திறந்துவிடுவார்கள் என்றாலும் கல் அப்போது ஆறியிருக்காது. வாகன நிறுத்துமிடத்திலிருந்து சாலையைக் கடக்கும்போது ஆளுக்கு ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செல் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றைப் பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள். தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். நந்தி மண்டபத்தைவிட நல்ல அடையாளம் கிடையாது.

நேரே கருவறைக்கு ஓட வேண்டாம். இந்தக் கோயிலை வாசலிலிருந்து மெதுவாகத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மராட்டியர் கால வாசலைத் தாண்டியதும் கேரளாந்தகன் திருவாயில், அப்புறம் ராஜராஜன் திருவாயில். இரண்டாவதில் இரண்டு பக்கமும் பிரம்மாண்டமான துவாரபாலகர்கள் நிற்பார்கள். அவர் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையே அவ்வளவு சின்னது என்றால் பாம்பு எவ்வளவு பெரியது, துவாரபாலகர் எவ்வளவு பெரியவர் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். அந்தச் சுவரின் கீழ்வரிசையில் கதைச் சிற்பங்கள் ஓடுகின்றன. கண்ணப்பர் கதை, மார்க்கண்டேயர் கதை எல்லாம் ஆறு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்திலேயே இருக்கும். பெரியவர்கள் அதைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உள்ளே வந்ததும் நந்தி. ஒரே கல்லில் செய்தது. நாயக்கர் காலத்தில் வந்து உட்கார்ந்தது. நந்தி வளர்ந்துகொண்டே போனது என்ற கதையைச் சொல்லுங்கள், அது கதை என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். நிழல் விழும். அதைப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கட்டும். மாலையில் வெயில் மேற்கே இருக்கும்போது விமானத்தின் நிழல் கிழக்குப் பக்கம், நந்தி இருக்கிற திசையில் நீளும். நாளைக் காலை அது எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டு, பிள்ளையின் பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஞாயிறு காலை திரும்பி வர இதுவே ஒரு காரணம். நமக்கும் இதில் பயன் உண்டு. நிழல் விழுந்த இடத்தில் கல் குளிர்ந்திருக்கும், உட்காரலாம்.

1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில் இது. விமானம் 60 மீட்டரைத் தாண்டிய உயரம், அத்தனையும் கருங்கல். தஞ்சாவூரைச் சுற்றி வயலும் வாய்க்காலும்தான், கருங்கல் மலை கிடையாது. அப்படியென்றால் இவ்வளவு கல்லும் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். லாரி, கிரேன், ஏணி என்று ஆரம்பித்து, கடைசியில் மாடு, யானை, படகு வரைக்கும் பிள்ளைகளே வந்து சேருவார்கள்.

ஞாயிறு மாலைகளைவிடச் சனிக்கிழமை மாலை கொஞ்சம் தேவலை என்றாலும் தரிசன வரிசை நீளமாகவே இருக்கும். பெற்றோரில் ஒருவர் பிள்ளைகளோடு புல்லில் இருக்க, மற்றவர் போய் வரலாம். முழுக் குடும்பமும் கும்பிடுவதை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குள் வெளியே வந்து, சாப்பிட்டு, எட்டரைக்குப் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிடுங்கள்.

இரண்டாம் தடவை

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு உள்ளே போங்கள். கல் சில்லென்று இருக்கும். கூட்டம் இருக்காது. முதல் வேலை நிழலைப் பார்ப்பது. இப்போது அது மேற்குப் பக்கம் நீண்டிருக்கும். அப்புறம் தரிசனம்.

பிறகு விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வாருங்கள். சுற்றிலும் கல்வெட்டு. எழுதப் படிக்க ஆரம்பித்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்தானாலும் ட, ப, ம போன்ற சில எழுத்துகள் இன்றைக்குப் பார்த்தாலும் பிடிபடும். பத்து எழுத்து கண்டுபிடித்தால் ஒரு சந்திரகலா இனிப்பு என்று பந்தயம் கட்டுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு உள்ளடக்கத்தையும் சொல்லலாம். 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது இங்கே இருக்கிறது. ராஜா தன்னோடு அக்காவையும், கொடுத்த மற்ற எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். நாட்டியம் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயரும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும் கல்லில் இருக்கிறது. 'நம்ம வீட்டு நம்பர் மாதிரியா?' என்று கேட்கும் பிள்ளைக்கு ஆமாம் என்று தயங்காமல் சொல்லலாம்.

விமானத்தின் வடக்குப் பக்கம் மேலே ஐரோப்பியர் போலத் தொப்பி வைத்த ஓர் உருவம் இருக்கிறது. அண்ணாந்து தேடச் சொல்லுங்கள். வடமேற்கு மூலையில் சுப்பிரமணியர் சன்னதி. பிற்காலத்தில் கட்டியது, தங்க நகை மாதிரி அத்தனை நுணுக்கமான வேலை. பிள்ளை சலித்துப் போயிருந்தால் அதை விட்டுவிடுங்கள். எட்டு மணிக்குள் டிபனுக்குப் போய்விடலாம்.

அரண்மனையும் பொம்மையும்

ஒன்பதரை மணிக்கு அரண்மனை. நாயக்கர் கட்டத் தொடங்கி மராட்டியர் ஆண்ட இடம். உள்ளே பல பகுதிகளுக்குத் தனித்தனி டிக்கெட். எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். கலைக்கூடம் கட்டாயம். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் வெண்கலச் சிலை இருக்கிறது, 1011-ஐ ஒட்டிய காலம். பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு கையை எதன்மீதோ சாய்த்து வைத்தபடி சிவன் நிற்பார். அவர் சாய்ந்திருக்கும் காளை இப்போது இல்லை. 'கைக்குக் கீழே என்ன இருந்திருக்கும்?' என்று கேட்டு, அதை நோட்டில் வரையச் சொல்லுங்கள். அரண்மனை வளாகத்தில் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது. நேரம் குறைவு என்றால் இந்த இரண்டையும் பார்த்தாலே போதும்.

சரஸ்வதி மகால் நூலகம் பெரியவர்களுக்குப் பொக்கிஷம். 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி பெருக்கிய தொகுப்பு. அங்குள்ள காட்சிக்கூடத்தில் சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களும் உண்டு. சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். கோபுரங்களில் ஏற அனுமதி இருந்தாலும் படி குறுகல், செங்குத்து. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம்.

வெளியே தலையாட்டி பொம்மை. புவிசார் குறியீடு பெற்ற பொருள். இரண்டு வகை உண்டு. கீழே உருண்டையாக, களிமண் வைத்துக் கனமாக்கிய ராஜா ராணி ஒன்று; எவ்வளவு தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனியாக ஆடும் நாட்டியப் பெண் இன்னொன்று. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் முதல் வகையே கொடுங்கள், அதையும் வாயில் வைக்க விடாதீர்கள். இரண்டாவது கொக்கியும் கம்பியுமாக இருக்கும். வீட்டு அலமாரிக்குத்தான் அது பொருத்தம். பொம்மையைத் துணி மூட்டைக்கு நடுவில் வைத்தால் உடையாமல் வந்து சேரும்.

திரும்புவது

பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்து, சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டே முக்காலுக்குள் கிளம்பிவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம் தெற்கிலிருந்து வருகிற வண்டியெல்லாம் செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஒன்றுசேரும். எவ்வளவு முன்னால் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது. வந்த வழியிலேயே திரும்புங்கள். தெரிந்த சாலை ஓட்டுகிறவருக்கு நிம்மதி. முதல் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் தூங்குவார்கள். டீக்கு நிறுத்தும்போது, தூங்குகிறதே என்று குழந்தையைக் காருக்குள் விட்டுவிட்டு எல்லாரும் இறங்கிவிடக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் கூடாது. நின்ற கார் சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள். பழுதானால் முதலில் பிள்ளைகளை வண்டிகள் போகாத பக்கத்துக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அப்புறம் பானெட்டைத் திறக்கலாம்.

விக்கிரவாண்டியிலோ திண்டிவனத்திலோ ஐந்து மணி வாக்கில் ஒரு நீண்ட நிறுத்தம். பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்து, பல் விளக்கி, இரவு உடையும் போட்டுவிடுங்கள். சீக்கிரம் என்று தோன்றும். ஆனால் பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பின் சீட்டில் பசி என்று குரல் வராது. வீட்டு வாசலில் அப்படியே தூக்கிப் போய்ப் படுக்கையில் போட்டுவிடலாம்.